மாதிரியின்றிப் பின்னும் கையுறைகளில் இரண்டாம் கைச் சிக்கல்: ஓர் ஆய்வு

ஊட்டியில் உறைபனி இறங்கும் மாதங்களில் தலைகுந்தாவிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பதைப் படமெடுக்கக் கூட்டம் கூடுகிறது. அந்தக் கூட்டத்தின் கைகளை யாரும் படமெடுப்பதில்லை. எடுத்திருந்தால் இத்துறையில் இன்றுள்ள தரவுப் பஞ்சம் நேர்ந்திருக்காது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில், விடியற்காலை வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டுப் பார்த்துத் திரும்பும் ஊரில், மனிதக் கைகள் மூவகைப்படும்: பாக்கெட்டில் இருப்பவை, டீ கிளாஸைச் சுற்றியிருப்பவை, உறை அணிந்தவை. முதலிரண்டும் வேலைக்கு ஆகாதவை. ஆகவே இவ்வாய்வு மூன்றாம் வகையோடு நின்றுகொள்கிறது.

அதிலும் விரல் நுனிவரை மூடிய உறை நம் எல்லைக்குள் வராது. சில்லறை எண்ண, பஸ் டிக்கெட்டைக் கிழியாமல் வாங்க, செல்போனைத் தேய்க்க விரல் வெளியே இருந்தாக வேண்டும். விரல்களின் அடியில் தொடங்கி முழங்கைக்குச் சற்றுக் கீழ்வரை ஏறி, கட்டைவிரலுக்கு மட்டும் ஒரு ஜன்னல் விட்டிருக்கும் உறையே ஆய்வுப்பொருள். என் சித்தி இதை 'மொட்டை கிளவுஸ்' என்பார். கலைச்சொல்லாக்கக் குழு எதுவும் இதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது என்பதால் அதையே ஆள்கிறேன்.

விரலை மூடாத உறை விரலை எப்படிச் சூடாக்கும் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். விரல்களை வலுவாக மடக்கி நீட்டும் தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில்தான் இருக்கின்றன. விரலுக்குப் போகும் ரத்தமோ, டாக்டர் நாடி பிடிக்கும் மணிக்கட்டில் தோலுக்கு வெகு அருகே ஓடுகிறது. அங்கே குளிர் ஏறாமல் காத்தால் விரல் தானாக ஒத்துழைக்கும். தேர்வாளர் திருப்தியடையாவிட்டால் ஒரு ஜோடியை அவர் கையில் மாட்டிவிடுவதே முறை.

முதன்மை ஆதாரம்: காந்தலில் வசிக்கும் மேற்படி சித்தி. துணைமை ஆதாரம்: அவருடைய பிளாஸ்டிக் கூடை. அதில் 5 மில்லிமீட்டர் குரோஷா ஊசி ஒன்று, உல்லன் நூல் உருண்டைகள், கத்தரிக்கோல், ஒற்றையாய்க் கிடக்கும் மொட்டை கிளவுஸ்கள் பல. 'ஒற்றையாய்' என்ற சொல்லை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். ஆய்வே அதிலிருந்துதான் கிளைக்கிறது.

சித்தி எந்த மாதிரியையும் பார்த்துப் பின்னியவர் அல்லர். வரைபடம் இல்லை, புத்தகம் இல்லை, வீடியோ இல்லை. எதிரே வருபவர் கையைப் பிடித்து இழுப்பார். அவ்வளவுதான் அவருடைய தரவு சேகரிப்பு.

"கையை நீட்டு கண்ணு. ம்... இங்க இறுக்குதா?"

"எத்தனை கண்ணி போட்டிருக்கீங்க சித்தி?"

"எண்ணிட்டா பின்னுவாங்க? கைக்கு வந்துச்சுன்னா சரி."

இந்நேர்காணலில் வெளிப்பட்ட கோட்பாட்டைப் பிற்காலத்தார் மனப்பாடம் செய்ய வசதியாகச் சூத்திரமாக்கினேன்:

கையே அளவு கண்ணே கணக்கு
மெய்யே மாதிரி என்மனார் பின்னுநர்.

என்பது சூத்திரம். என் நுதலிற்றோ எனின், மாதிரியின்றிப் பின்னுவார்க்கு அளவு பிறக்கும் இடம் உணர்த்துதல் நுதலிற்று. இதன் பொருள்: அணிபவர் கையே அளவுகோல், பின்னுபவர் கண்ணே கணக்குப் புத்தகம், உடம்பே மாதிரி என்று சொல்லுவர் பின்னுவோர் என்றவாறு. 'கண்' என்றது முகத்துக் கண்ணையோ ஊசியில் ஏறும் கண்ணியையோ எனின், சித்தி சீரியல் பார்த்துக்கொண்டே பின்னுவதால் முகத்துக் கண் அன்று என்க. 'என்மனார்' எனப் பிறர்மேல் வைத்துக் கூறியதனான், சூத்திரம் செய்தவனுக்குப் பின்னத் தெரியாது என்பதும் பெறப்பட்டது.

இனி, முன்னோர் ஆய்வு. இதை விரைவாகக் கடந்துவிடலாம். கடக்காவிட்டால் பட்டம் கிடைக்காது. 1840களில் லண்டனில் எலியனோர் ரியேகோ டி லா பிராஞ்சார்டியர் என்ற அம்மையார் குரோஷே மாதிரிப் புத்தகங்களை வரிசையாக அச்சிட்டு வெளியிட்டார். அதே பத்தாண்டில், 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் வாடிய அயர்லாந்துக் குடும்பங்களுக்குக் குரோஷே லேஸ் சோறு போட்டது. ஒருவர் பூ, ஒருவர் இலை எனத் தனித்தனியாகப் பின்னி, பிறகு சேர்த்து இணைப்பார்கள். புத்தகங்கள் வருவதற்கு முன் மாதிரி இல்லாமல் பின்னியவர்கள், தங்களிடம் மாதிரி இல்லை என்பதையே அறியாமல் நிம்மதியாக இருந்திருப்பார்கள் என்பது என் துணிபு.

புத்தகம் வந்ததால் குழப்பம் தீர்ந்ததா என்றால், பாடபேதம்தான் வந்தது. அமெரிக்கப் புத்தகம் 'சிங்கிள் குரோஷே' என்று சொல்லும் அதே குட்டைக் கண்ணியைப் பிரிட்டிஷ் புத்தகம் 'டபுள் குரோஷே' என்கிறது. அமெரிக்கரின் 'டபுள்' பிரிட்டனில் 'டிரெபிள்'. எந்த நாட்டுப் புத்தகம் என்று அட்டையைப் பார்க்காமல் பின்னியவர் கையில் உறை வளர்ந்து தோள்பட்டைக்குப் போய்விடும். சித்தி இரண்டையும் படித்ததில்லை. ஆகவே அவருக்குப் பாடபேதமும் இல்லை.

மாதிரியின்மையை ஏதோ சோம்பேறித்தனம் என்று நினைக்கும் வாசகர் அதே நீலகிரி மலையில் வாழும் தோடர் பெண்களின் பூவேலையைப் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக ஏறும் அந்த வேலைக்குத் துணியில் பென்சில் கோடு கிடையாது, அச்சு கிடையாது. நெசவின் இழைகளை விரலால் எண்ணி எண்ணியே ஊசி போகிறது. 2013இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவர்கள் எண்ணுகிறார்கள். சித்தி எண்ணுவதில்லை. இரண்டும் ஒன்றென்று சொல்ல இந்த ஆய்வாளனுக்குத் துணிச்சல் போதாது.

எண்ணாமையின் விளைவை எண்களால்தான் காட்ட முடியும். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி டேப் வைத்தால் 19 செ.மீ. வருகிறது என்று கொள்வோம். மணிக்கட்டு 16, முன்கையின் பருத்த இடம் 24. கையுறை கையைவிடச் சற்றுச் சிறிதாக இருந்தால்தான் நழுவாமல் பிடிக்கும். எனவே உள்ளங்கைக்கு 17 செ.மீ. போதும். நடுத்தரத் தடிமனுள்ள நூலையும் 5 மி.மீ. ஊசியையும் கொண்டு குட்டைக் கண்ணி போட்டால் 10 செ.மீ.க்குச் சுமார் 14 கண்ணிகள் நிற்கும். ஆக 24 கண்ணிகள் வேண்டும். இதுவரை சிக்கல் இல்லை.

இப்போது சீரியலுக்கு வருவோம். கதாநாயகி கோயிலில் விளக்கேற்றும் காட்சியில் சித்தியின் விரலில் நூல் தளர்ந்து ஓடுகிறது, 10 செ.மீ.க்கு 13 கண்ணிகள்தான். வில்லி பத்திரத்தில் கைரேகை வாங்கும் காட்சியில் விரல் இறுகுகிறது, 15 ஆகிவிடுகிறது. அதே 24 கண்ணிகள் முதல் காட்சியில் 18.5 செ.மீ., இரண்டாம் காட்சியில் 16 செ.மீ. இரண்டரை சென்டிமீட்டர் வித்தியாசம்! ஒன்று கையில் ஆடும், மற்றது ரத்த ஓட்டத்தை விசாரிக்கும். நூலின் இழுவை மனநிலையைச் சார்ந்தது என்பது பின்னுவோர் அனைவரும் அறிந்தது. ஆனால் தொலைக்காட்சித் திரைக்கதைக்கும் கையுறையின் சுற்றளவுக்கும் இடையிலான இத்தொடர்பைக் கல்விப்புலம் இதுவரை கண்டுகொள்ளவில்லை.

முழங்கைப் பக்கத்து விளிம்பு தனி அதிகாரம் பெற வேண்டியது. பின்னல் தொடங்கும் சங்கிலி, அதன்மேல் எழும் பின்னலைப் போல நீண்டு கொடுக்காது. இறுகப் போட்ட சங்கிலி முன்கையில் வளையல் தடம் பதித்துவிடும். பெரிய ஊசியால் சங்கிலி போட்டுப் பிறகு சின்ன ஊசிக்கு மாறுவது உலக வழக்கு. ஒரே ஊசி வைத்திருக்கும் சித்தி, சங்கிலி போடும்போது மட்டும் டிவியை அணைத்துவிடுகிறார். பயன் அதுவே.

விளிம்பை அகலமாக்குகிறேன் என்று கண்ணிகளைக் கண்டபடி கூட்டினாலோ, துணி குழாயாக நிற்காமல் கொசகொசவென்று அலையடிக்கத் தொடங்கும். 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கணிதவியலாளர் டைனா டைமினா, ஒவ்வொரு வரிசையிலும் சீரான விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய், அதிபரவளைய வடிவியலின் தளத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும்படி குரோஷாவில் பின்னிக் காட்டினார். காகிதத்தில் ஒட்டிச் செய்த முந்தைய மாதிரிகள் எளிதில் கிழிந்துபோயின, பின்னல் நின்றது. சித்தி அதே தளத்தை முழங்கையருகே எட்டியபோது "ஃப்ரில் வந்துருச்சு, அழகாத்தான் இருக்கு, இருக்கட்டும்" என்று குறிப்பிட்டு மேலே சென்றார். கணிதத்தில் இதற்கு மேல் எளிமையான வரையறை எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது சரிவு. வட்டமாகவே சுற்றிச் சுற்றிப் போகும் குட்டைக் கண்ணி, முந்தைய சுற்றின் கண்ணிக்கு நேர் மேலே உட்காராது. வலக்கைக்காரர் பின்னினால் ஒவ்வொரு சுற்றும் ஒரு நூலிழை வலப்புறம் ஒதுங்கும். ஒரு சுற்றில் தெரியாது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வருவதற்குள் நன்றாகவே தெரியும். சுற்று தொடங்கும் இடத்தில் சித்தி அடையாளத்துக்கு ஒரு சேஃப்டி பின் மாட்டுவார். நூல் நிறம் மாற்றுவதும் அங்கேதான். நிறம் மாறும் படிக்கட்டுத் தடம் கையின் உட்புறம் ஒளிந்திருக்க வேண்டும் என்பது அவர் திட்டம். அது மெல்ல ஊர்ந்து ஊர்ந்து மணிக்கட்டில் புறங்கைக்கு வந்துவிடுகிறது. கட்டைவிரல் ஜன்னலை அந்த சேஃப்டி பின்னிலிருந்து கணக்கிட்டு வைத்தால் ஜன்னல் சுண்டுவிரல் பக்கம் திறக்கும். சரி, விரலுக்கேற்ப உறையைத் திருப்பிப் போடலாம் என்றால், முழங்கையில் மறைந்திருந்த தடம் வெளியே வந்து சிரிக்கிறது.

ஜன்னல் வைப்பதில் சித்திக்குத் தனி முறை உண்டு. உறையை ஊசியோடு சேர்த்தே உங்கள் கையில் ஏற்றி, கட்டைவிரல் முட்டும் இடத்தில் நகத்தால் ஒரு கீறல் போடுவார். அங்கே ஐந்தாறு கண்ணிகளைத் தாண்டி, அதே எண்ணிக்கைக்குச் சங்கிலி போட்டுப் பாலம் கட்டி, மறுபுறம் இறங்கித் தொடர்வார். அடுத்த சுற்று பாலத்தின்மேல் ஏறிப் போகும். முதல் கையில் இது பிசகவே பிசகாது. கை அங்கேயே இருக்கிறதே!

இங்குதான் என் கருதுகோள்: மாதிரியின்றிப் பின்னுதல் என்பது ஒரு கைக்கு மட்டுமே இயலும். முதல் உறை முடிந்த கணத்தில் உலகில் ஒரு மாதிரி பிறந்துவிடுகிறது. இரண்டாவது உறை அதைப் பார்த்து, அதைப் போலவே அமைந்தாக வேண்டும். முதல் உறையில் சித்தி படைப்பாளி. இரண்டாவதில் தாம் எழுதாத புத்தகத்தைத் தாமே நகலெடுக்க வேண்டிய எழுத்தர். எங்கே கூட்டினோம், எங்கே குறைத்தோம், எத்தனையாவது சுற்றில் ஜன்னல் என்பதற்கு ஏடு இல்லை. முதல் உறையைத் திருப்பிப் பிடித்து நெற்றியைச் சுருக்கிக் கண்ணி எண்ணும் சித்தியைப் பார்த்தவர்களுக்கு, எண்ணாமல் பின்னிய அதே அம்மாளா இவர் என்று ஐயம் வரும். அடர்நிற நூலானால் எண்ணவும் முடியாது. கூடையில் கிடந்த ஒற்றைகளில் கறுப்பும் கருநீலமும் மிகுதி என்ற அவதானிப்பு இதோடு பொருந்துகிறது.

முன்னது பின்னதற் கிலக்கணம் பின்னது
முன்னதை ஒவ்வா தொழிதலும் உரித்தே.

இதற்கு உரை வேண்டா, கூடையே உரை.

இரண்டாம் கைச் சிக்கலுக்கு நூல் தரப்பிலும் காரணம் உண்டு. ஒரே உருண்டையில் இரண்டு கைகளும் முடியும் என்ற நம்பிக்கையில் முதல் கையை முழங்கையிலிருந்தே தாராளமாகப் பின்னினால் இரண்டாவது மணிக்கட்டோடு நின்றுவிடும். சமையலறைத் தராசில் நூலை எடைபோட்டுச் சரிபாதியாகப் பிரித்த பின் தொடங்குவது அறிவுடைமை. தீர்ந்த பிறகு கடைக்கு ஓடினால் அதே கம்பெனி, அதே நிறம் என்று தருவார்கள்; லேபிளில் சாயத் தொகுதி எண் வேறாக இருக்கும். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டும் வெயிலில் உறவுமுறை விட்டுப் போகும்.

நூலின் தரம் பற்றி ஒரு முறையீடு. இதே மலையில் சாண்டிநல்லாவில் ஆட்டின ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீலகிரி ஆட்டை மெரினோ, ராம்பூலே இனங்களோடு கலந்து 'சாண்டினோ' என்றே ஓர் இனம் உண்டாக்கியிருக்கிறார்கள். ஆட்டுக் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்த உணர்வு தராது. மூடுபனி ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் சித்தியின் கூடையில் இருப்பது அக்ரிலிக். விலை மலிவு, வாஷிங் மெஷினில் போட்டாலும் சுருங்காது என்பது அவர் தரப்பு வாதம். தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர் கடைகளில் தொங்கும் ரெடிமேட் கிளவுஸை வாங்கிவிடலாமே என்று கேட்கவும் செய்தேன். "அது மெஷின்ல போட்டது, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்" என்று குறையாகவே சொன்னார். உண்மைதான், ஆலைகளில் ஓடுவது நிட்டிங் இயந்திரம், குரோஷா இன்னும் கையோடுதான் இருக்கிறது.

தீர்வாக முன்வைக்கப்பட்டவற்றுள் மூன்றை மட்டும் பரிசீலித்தேன். முதலாவது, பின்னும்போதே ஒரு தாளில் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வது. இது மாதிரி எழுதுவதாகிவிடும். ஆய்வுத் தலைப்பே காலி. இரண்டாவது, இரண்டு கைகளையும் ஒருசேரப் பின்னுவது: இரண்டு ஊசி, இரண்டு உருண்டை, இதில் பத்துச் சுற்று, அதில் பத்துச் சுற்று. கொள்கையளவில் சிறந்தது. நடைமுறையில் பூனை இல்லாத வீடு வேண்டும்.

மூன்றாவதே என் பரிந்துரை. வலக்கைக்காரர் பின்னலில் தடம் இரண்டு உறைகளிலும் வலப்புறமே ஊர்கிறது. அதனால் ஒரு கையில் உள்ளே போவது மறு கையில் வெளியே வருகிறது. எண்ணிக்கை ஒத்தாலும் ஜோடி சேர்வதில்லை. இடக்கைக்காரர் எதிர்த்திசையில் சுற்றுவார். அவர் பின்னலில் தடம் இடப்புறம் ஊரும். எனவே வலது உறையை வலக்கைக்காரரும் இடது உறையை இடக்கைக்காரரும் ஒரே சோபாவில் அமர்ந்து, ஒரே சீரியலைப் பார்த்து, ஒரே காட்சியில் ஒரே அளவு கோபப்பட்டுப் பின்னினால் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒத்த ஜோடி கிடைத்தாக வேண்டும். சித்தியின் சின்ன மருமகள் இடக்கைக்காரி. ஆய்வுக்கு ஒத்துழைக்குமாறு முறைப்படி விண்ணப்பித்தேன். கரூரில் பிறந்தவர், குளிரே தமக்கு ஒப்புதல் இல்லை என்றும், மாமியாரோடு உட்கார்ந்து அந்த சீரியலைப் பார்ப்பது அதைவிடவும் இல்லை என்றும் வாய்மொழியாகப் பதிலளித்துவிட்டார்.