தாய்லாந்துத் தொகுதிப் பங்கீடு

தாய்லாந்து போகிறோம் என்று அலுவலகத்தில் சொன்னதும் அடுத்த மேஜைக்காரர் நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "யாரெல்லாம்?" என்றார். மனைவி, மகள், மகன், அம்மா என்று நான் அடுக்க அடுக்க அவர் முகத்தின் பிரகாசம் குறைந்துகொண்டே வந்தது. மாமனாரில் அணைந்தேவிட்டது. "அப்போ பட்டாயா?" என்று கடைசி நம்பிக்கையோடு கேட்டார். "இல்லை" என்றேன். நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் தாய்லாந்து என்பது ஆண்கள் கும்பலாகப் போய், திரும்பி வரும் விமானத்திலேயே போன் கேலரியைத் துப்புரவு செய்யும் தேசம். மாமனாரை அழைத்துக்கொண்டு அங்கே போகிறவனைப் பார்த்தால் பரிதாபம்தான் வரும். ஆனால் 2023 நவம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று அந்த அரசு அறிவித்த பிறகு காலம் மாறிவிட்டது. சென்னையிலிருந்து பாங்காக் விமானத்தில் மூன்றரை மணி நேரம்தான். ராத்திரி ரயிலில் தென்காசி போய்ச் சேருவதற்குள் பாங்காக்கைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். அந்தக் கணக்கைக் காட்டித்தான் வீட்டில் அனுமதி வாங்கினேன்.

அனுமதி கிடைத்த அன்றே கூட்டணிப் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது. மொத்த இரவுகள் எத்தனை என்பதைப் பள்ளி விடுமுறையும் என் லீவு இருப்பும் தீர்மானித்துவிட்டன. அந்த இரவுகள்தான் தொகுதிகள். அம்மாவுக்குக் கோயில் வேண்டும். ரயில்வேயில் ஓய்வுபெற்ற மாமனாருக்கு ரயில் வேண்டும். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு மலையும் காபிக் கடையும். எட்டாம் வகுப்பு மகனுக்குக் கடல், கடல், மறுபடியும் கடல். மனைவி மட்டும், "எனக்கு ஒண்ணும் வேண்டாங்க, நீங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் சரி" என்றாள். இருபது வருட அனுபவத்தில் சொல்கிறேன், நிபந்தனையற்ற ஆதரவு தரும் கட்சியிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

எப்போது போவது என்பதே முதல் சிக்கல். தாய்லாந்துக்கு இரண்டு பக்கம் கடல், இரண்டு கடலுக்கும் தனித்தனி மழைக்காலம். மேற்கே அந்தமான் கடல் பக்கம் புக்கெட், கிராபி. அங்கே மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. கிழக்கே வளைகுடாவில் இருக்கும் சாமுய் தீவுக்கு மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. நவம்பரில் கொட்டித் தீர்க்கும். வேளச்சேரியில் முழங்கால் தண்ணீரில் நிற்கும் அதே நாட்களில், டிக்கெட் எடுத்துப் போய் அங்கேயும் நிற்கலாம்.

கோடை விடுமுறையில் போகலாம் என்றால், வடக்கே சியாங் மாயில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் வைக்கும் தீயால் ஊரே புகைமூட்டம். மலை ஊருக்குப் போய் மலையைப் பார்க்க முடியாது. ஏப்ரல் நடுவில் அவர்களுடைய புத்தாண்டான சொங்க்ரான். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் வரும். நாம் வேப்பம்பூப் பச்சடியோடு முடித்துக்கொள்வதை அவர்கள் தெருவில் போகிற வருகிறவர் மேலெல்லாம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுகிறார்கள். மகன் துள்ளிக் குதித்தான். பட்டுப்புடவையோடு நனைவதைப் பற்றி அம்மா ஒரே ஒரு பார்வை பார்த்தாள், சொங்க்ரான் தள்ளுபடியாயிற்று. மே மாதமென்றால் அந்தமான் பக்கம் மழை வந்துவிடும். ஆயுத பூஜை லீவிலும் அதே மழைதான், பாங்காக்குக்கும் சேர்த்து. மிஞ்சியது அரையாண்டு விடுமுறை. வடக்கே இதமான குளிர், மேற்குக் கடல் அமைதி, எல்லாமே அருமை. உலகம் முழுவதும் இதே முடிவுக்கு வந்திருந்தது என்பதை ஓட்டல் வாடகை சொல்லிற்று.

சாமுய் கழன்றுகொண்டது, கிராபி உள்ளே வந்தது. மாதம் முடிவானதும் தொகுதிகளைப் பிரிக்க உட்கார்ந்தோம்.

பாங்காக்கில் அம்மாவின் முதல் கோரிக்கை சீலோம் சாலை மாரியம்மன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில். இன்று வரிசையில் சாமந்தி மாலையோடு நிற்பவர்களில் பாதிக்கு மேல் தாய்லாந்துக்காரர்கள். "மாரியம்மனைப் பார்க்க சமயபுரம் போதாதா பாட்டி?" என்றாள் மகள். "அங்கே இருக்கறவளை விசாரிக்க வேண்டாமா?" என்றாள் அம்மா. உறவினர் வீட்டுக்குப் போகும் தொனி அது. அதற்கு மேல் வாதம் எடுபடவில்லை.

அரண்மனை வளாகத்து மரகத புத்தர் விஷயத்திலும் அம்மாவுக்குத் திருப்தி. 66 சென்டிமீட்டர் உயரமுள்ள பச்சைக் கல் சிலை. வெயில், மழை, குளிர் என மூன்று காலத்துக்கும் மூன்று தங்க அங்கி. அதை மன்னர்தான் மாற்றுவார். "அலங்காரமெல்லாம் முறையா நடக்குது" என்று தலையசைத்தாள். மகனுக்குத்தான் சங்கடம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி, அவனோ அரைக்கால் சட்டையிலேயே வளர்ந்தவன். வாசலருகே கடைகளில் யானை படம் போட்ட தொளதொளா பேன்ட் விற்கிறார்கள் என்று சமாதானம் சொன்னேன். யானை பேன்ட் போட்டு எடுத்த படம் வகுப்பு வாட்ஸ்அப்புக்குப் போய்விடக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவாதம் கேட்டான்.

அதே வளாகத்தின் சுற்று மண்டபச் சுவர் முழுக்க ராமாயணம், 178 ஓவியப் பகுதிகளாக. அவர்களுடைய ராமகியனில் ஒரு விசேஷம் உண்டு. அங்கே அனுமன் பிரம்மசாரி இல்லை. சேது கட்டப் போட்ட கற்களையெல்லாம் கடலுக்குள்ளிருந்து எடுத்துப்போகும் மீன் கன்னியைத் துரத்திப் பிடித்து, பிடித்த கையோடு காதலித்து, ஒரு பிள்ளையும் பெற்றுவிடுகிறார். பெண் யார் என்றால், ராவணன் மகள். சனிக்கிழமை தவறாமல் வடைமாலை சாத்தும் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் நாள் பார்த்துக்கொண்டிருக்க, மகள் சாப்பாட்டு மேஜையில் போட்டு உடைத்துவிட்டாள். அம்மா மோர் ஊற்றிக்கொண்டே, "வெளியூர்ல போய் இருந்தா அப்படித்தான்" என்றாள். சொல்லிவிட்டு ஏனோ என்னைப் பார்த்தாள்.

அரண்மனையை ஒட்டி இன்னொரு அபாயம்: வாசலுக்குப் போகும் வழியில் நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்து, "இன்று அரண்மனை மூடல்" என்று பரிவோடு சொல்லி, மலிவாக ஒரு டுக்-டுக் பிடித்துத் தருவார். வண்டி ரத்தினக்கல் கடையில் போய் நிற்கும். பல வருடங்களாக நடக்கும் பழைய வித்தை. மாமனாரை எச்சரித்தேன். "மாப்ளே, சென்ட்ரல் வாசல்ல முப்பது வருஷம் ஆட்டோ பேசினவன் நான்" என்றார். பாவம், அந்த நல்ல சட்டைக்காரரை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

மாமனாரின் சொந்தத் தொகுதி பாங்காக்–சியாங் மாய் ராத்திரி ரயில். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம் என்றேன். "அது போறது. இது பிரயாணம்" என்றார். பிறகுதான் உண்மைக் காரணம் வெளிவந்தது: தாய்லாந்து ரயில்வே இன்னமும் மீட்டர் கேஜ். எழும்பூரிலிருந்து மீட்டர் கேஜ் விடைபெற்ற துக்கத்திலிருந்து மீளாத மனிதர் அவர். 751 கிலோமீட்டர், நடுவில் 1918-இல் குடைந்து முடித்த குன் தான் சுரங்கம் 1.3 கிலோமீட்டர் என்று கைப்பட எழுதிய குறிப்போடு வந்து உட்கார்ந்தார். மேல் படுக்கை குறுகல், ஜன்னலும் கிடையாது, அதனால் கீழ்ப் படுக்கைக்குக் கட்டணம் கூடுதல் என்பதையும் அவரே கண்டுபிடித்துச் சொன்னார். கீழே யார் படுப்பது என்பதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

விமானமா ரயிலா என்று நான் இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஒன்றும் வேண்டாத மனைவி வாய் திறந்தாள். "சாத்துசாக் சந்தை சனி, ஞாயிறுதானாமே?" ஆமாம், வார இறுதிச் சந்தை, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். "சியாங் மாயில ஞாயிறு சாயங்காலம் ஒரு தெருச் சந்தை இருக்காமே?" அதுவும் ஆமாம். "அப்ப சனிக்கிழமை பகல்ல இங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அங்க. நடுவுல ராத்திரி ரயில். மாலை ஆறரை மணி வாக்குல கிளம்புது, காலையில ஏழு மணி வாக்குல போயிடுது. 2023-லேருந்து அந்த ரயில் பாங் சூ பக்கத்துப் புது ஸ்டேஷன்லேருந்துதான் கிளம்புதாம். சந்தையிலேருந்து மெட்ரோவுல கொஞ்ச தூரந்தான்."

மாமனார் எழுந்து நின்று தன் மகளைப் பார்த்த பார்வையில் கண்ணீர் தளும்பியது. ரகசிய உடன்பாடு எப்போதோ முடிந்துவிட்டது, எனக்கு அறிவிப்பு மட்டும்தான் என்று புரிந்தது. மற்ற கட்சிகளின் இரவுகளெல்லாம் இந்த ஒரு சனி–ஞாயிறைச் சுற்றித்தான் அடுக்கப்பட்டன. மகாராஜாக்களும் புத்தர்களும்கூடச் சந்தைக்கு முன்போ பின்போதான் வர முடிந்தது.

அயுத்தயாவுக்கு இரவு ஒதுக்க இடமில்லை. நாலு நூற்றாண்டு தலைநகராக இருந்து 1767-இல் பர்மியப் படையால் எரிந்த நகரம், இந்தக் கூட்டணியில் ஒரு பகல் மட்டும் பெற்றது. மர வேர்கள் அணைத்துக்கொண்ட புத்தர் தலை அங்கேதான் இருக்கிறது. படம் எடுப்பவர் அதைவிட உயரமாகத் தெரியாதபடி தரையில் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். மகளுக்கு அது பிடித்திருந்தது. மாமனாருக்கு மூன்றாம் வகுப்பு ரயில் டிக்கெட் இருபது பாட் அளவில் என்பது பிடித்திருந்தது.

சியாங் மாய் மகளின் கோட்டை. 1296-இல் மெங்ராய் மன்னர் நிறுவிய ஊர், சதுரமாக அகழி, அகழிக்குள் தடுக்கி விழுந்தால் கோயில், எழுந்தால் காபிக் கடை. தோய் சுதேப் மலைக்கோயிலுக்கு முந்நூற்றுச் சொச்சம் படிகள் என்றதும் எல்லோரும் அம்மாவின் முழங்காலைப் பார்த்தோம். மின் இழுவைப் பெட்டி இருக்கிறதாம். புத்தரின் எலும்புத் துண்டைச் சுமந்து ஒரு வெள்ளை யானை இந்த மலையேறி, மூன்று முறை பிளிறி, உச்சியில் உயிரை விட்டது என்பது தலபுராணம். "பாரு, யானைக்கே முடியலை" என்று அம்மா இழுவைப் பெட்டிக்கு வாக்களித்தாள்.

அங்கிருந்து தெற்கே கடலுக்கு. மறுபடி பாங்காக் வந்து மாற வேண்டியதில்லை, நேராகப் பறக்கும் விமானங்கள் உண்டு. பாங்காக் வழியாகப் போனால் இன்னொரு வலையும் இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே சுவர்ணபூமி, வடக்கே டான் முவாங் என இரண்டு விமான நிலையங்கள். மலிவு டிக்கெட் ஒன்றில் இறக்கிவிட்டு மற்றதிலிருந்து ஏறச் சொல்லும். மிச்சம் பிடித்த காசு டாக்சியில் போய்விடும்.

மகன் கேட்டது மாயா விரிகுடா. 2000-இல் வந்த 'தி பீச்' படத்தால் உலகப் புகழ் பெற்று, கூட்டம் மிதித்துப் பவளப்பாறைகள் பாழாகி, 2018-இல் மூடப்பட்டு, 2022-இல் மறுபடி திறந்த கடற்கரை. இப்போது கரையோரமாக நிற்கலாம், நீந்தக் கூடாது. "இறங்கக் கூடாத கடலுக்கு எதுக்குடா காசு?" என்றாள் அம்மா. இந்தப் பேச்சுவார்த்தை முழுவதிலும் கேட்கப்பட்ட ஒரே நியாயமான கேள்வி அதுதான். ஆனால் ஆபத்தானதும்கூட, கிராபியே வேண்டாம் என்று அடுத்த வாக்கியத்தில் வந்துவிடும்.

அம்மாவின் சாப்பாடு தனி இலாகா. அங்கே கீரையை வதக்கினாலும் மீன் சாறு ஊற்றுவார்கள். சைவம் என்று சொன்னால் முட்டை வரலாம். 'ஜே' என்று கேட்டால்தான் சுத்த சைவம், வெங்காயம் பூண்டுகூட இருக்காது. மஞ்சள் பலகையில் சிவப்பாக எழுதியிருக்கும் அந்த எழுத்து பார்ப்பதற்குப் பதினேழு என்ற எண் போலவே இருக்கும். "பதினேழு போட்ட கடையில மட்டும் நுழைம்மா" என்று பாடம் எடுத்தேன். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் அதற்குள் பெட்டிக்குள் போய்விட்டிருந்தன. உள்ளூர் விமானத்தில் கைப்பைக்கு ஏழு கிலோதான் என்றேன். "என் புடவையைக் குறைச்சிக்கிறேன்" என்றாள்.

கிராபிக்கு அம்மாவின் சம்மதம் மட்டும் பாக்கி. ஒரு கோயில் இருந்தால் முடிந்துவிடும் என்று ராத்திரி ஒரு மணிவரை தேடினேன். கிடைத்தது. ரைலே கடற்கரை முனையில், படகில்தான் போக முடியும், ப்ரா நாங் குகை. கடல் தேவதைக்கு மீனவர்கள் வைத்த சன்னதி. வலை நிறையவும் உயிரோடு கரை திரும்பவும் வேண்டிக்கொண்டு காணிக்கை வைக்கிறார்கள். காணிக்கை என்னவென்று படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். மரத்தில் செதுக்கிச் சிவப்புச் சாயம் பூசிய, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்த, சின்னதிலிருந்து ஆள் உயரம்வரை, எல்லாமே சந்தேகத்துக்கு இடமில்லாத ஆண் உறுப்புகள். கம்ப்யூட்டரை மூடிவிட்டேன்.

காலையில் அம்மாவிடம், "கடலோரத்துல குகைக்கோயில் ஒண்ணு இருக்கும்மா" என்று மட்டும் சொன்னேன். "என்ன சாமி?" "அம்மன். லிங்க வழிபாடு மாதிரி ஏதோ." நிமிடத்தில் கிராபி ஏகமனதாக நிறைவேறியது. மத்தியானத்துக்குள் போனில் சித்திக்குச் செய்தி போயிற்று: சமுத்திரக் கரையில் சிவஸ்தலம், படகில் போய்த் தரிசனம், மார்கழியில் கிடைத்த பாக்கியம். சாயங்காலம் விபூதிப் பொட்டலமும் வில்வப் பொடியும் பெட்டியில் ஏறின. அபிஷேகத்துக்குப் பால் அங்கேயே கிடைக்குமா என்று விசாரித்தாள்.

இனியும் மறைக்க முடியாது என்று நான் தொண்டையைக் கனைத்தபோது மகள் முந்திக்கொண்டு, போனில் அந்தப் படத்தைப் பாட்டியிடம் நீட்டிவிட்டாள். மாமனார் அவசரமாகச் செய்தித்தாளை விரித்தார், தலைகீழாக. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் படத்தைப் பெரிதாக்கி, நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எல்லாம் மரத்துல செஞ்சிருக்காங்களேடா" என்றாள். "பால ஊத்துனா உளுத்துப்போயிடாது?"