லீவுல வந்த ஏட்டையாவுக்கு மாமன் சொல்லும் புத்தி

வாங்க ஏட்டையா, இப்படித் திண்ணையில உக்காருங்க. ரெண்டாம் நிலைக் காவலரை ஏட்டையான்னு கூப்பிட்டா புரமோஷன் ஆர்டரே கையில வந்த மாதிரி மொகம் மலருது பாரு, அதைப் பாக்கவாவது கூப்பிட்டுக்கிடுதேன்.

சங்கதி காதுக்கு வந்துட்டுல. கறிக்கடை முக்குல வாழைத்தார் ஏத்துன குட்டியானை உன் பைக்குக் கண்ணாடியை உரசிட்டாம். நீ கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நடுரோட்டுல வண்டியை மறிச்சு, 'நான் யாரு தெரியுமால?'ன்னு கேட்டியாம். அந்தக் களக்காட்டுப் பயலுக்கு எப்படிய்யா தெரியும்? கைலியில பேர் பேட்ஜா குத்தியிருக்கு? தெரியலன்னு சொன்ன குத்தத்துக்குக் கன்னத்துல ஒண்ணு. பொறவு வண்டிச் சாவியைப் பிடுங்கி இடுப்புல சொருகிட்டு, 'லைசென்ஸ் எடு, ஆர்.சி. எடு'. அவன் வாயைத் தொறந்ததும், 'அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமத் தடுத்தேன்னு உள்ள தள்ளிருவேன்'. மாமனுக்குப் பெருமை தாங்கல. நாங்குநேரி கோர்ட்டுல வக்கீல் குமாஸ்தாவாக் கெடந்து மை தொட்டவன் நான். எந்தப் புஸ்தகத்துலயும் பாக்காத அதிகாரத்தை எல்லாம் எங்க அக்கா மவன் ஒரே காலையில உண்டாக்கிட்டானே!

'போலீஸ்காரன் எப்பவும் டூட்டிதான் மாமா'ங்கே. இருக்குய்யா, 1861-ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டம், 22-ஆவது பிரிவு. நம்ம தமிழ்நாட்டு ஜில்லா போலீசுக்கு அதுக்கும் ரெண்டு வருஷம் மூத்தது ஒண்ணு உண்டு, 1859 சட்டம். வெள்ளைக்காரன் அந்த வரியை எழுதுனது நீ எந்நேரமும் அதட்டணும்னு இல்ல. எந்நேரம் கூப்பிட்டாலும் ஓடி வரணும்னு. நடுராத்திரி பந்தோபஸ்துக்குக் கூப்பிடும்போது 'லீவுல இருக்கேன்யா'ன்னு முனங்குதவன், கண்ணாடி உரசுனா மட்டும் 'எப்பவும் டூட்டி'ம்பான். கடமைக்கு லீவு, அதிகாரத்துக்கு லீவு கெடையாதோ?

இப்போ மோட்டார் வண்டிச் சட்டத்துக்கு வா. 1988-ல போட்டது. அது உன்னைவிட உன் சட்டையைத்தான் அதிகமா நம்புது. லைசென்ஸைக் காட்டணும்னு 130-ஆவது பிரிவு சொல்லுது; யார்கிட்ட? யூனிபார்ம்ல இருக்கிற போலீஸ்காரர்கிட்ட. ஊதச் சொல்லுத 203, கண்ணு முன்னால குடிச்சிட்டு ஓட்டுதவனைப் பிடிக்கச் சொல்லுத 202, ரெண்டுலயும் யூனிபார்ம் உண்டு. விபத்துல சிக்குன வண்டியை நிறுத்தி வைக்கச் சொல்லுத 132-க்கு அதுவும் பத்தாது, சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத ஆளா இருக்கணும். உன் தோள்ல ரெண்டு நட்சத்திரம் முளைக்க இன்னும் நாள் கெடக்கு ஏட்டையா. சாவியைப் பிடுங்குன்னு மட்டும் எந்த இடத்துலயும் எழுதல. முழு யூனிபார்ம்ல நின்னாலும் எழுதல.

ஒடனே மூஞ்சியைத் தொங்கப் போடாத. யூனிபார்மைக் கழத்துனா நீ ஒண்ணுமில்லாதவன்னு நான் சொல்லல. 2024 ஜூலை 1-லேந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா நடப்புக்கு வந்திருக்கே பி.என்.எஸ்.எஸ்., அதுல 35-ஆவது பிரிவு, பழைய 41, உனக்கு ஒரு நெஜமான அதிகாரம் குடுக்குது. பிடியாணை இல்லாமக் கைது செய்யத்தக்க குத்தம் உன் கண்ணு முன்னால நடந்தா நீ பிடிக்கலாம். காக்கியா, கைலியான்னு அந்தப் பிரிவு கேக்கல. எவனாவது அருவாளைத் தூக்கிட்டு ஒருத்தனை விரட்டுதான்னா, நீ கறிப்பையைப் போட்டுட்டுப் பாயணும். பாயலன்னா கேள்வி வரும். ஆனா அடுத்த 36-ஆவது பிரிவையும் படி: பிடிக்கிற போலீஸ்காரன் பேரு தெளிவாக் கண்ணுல படணும். டி.கே.பாசு வழக்குல சுப்ரீம் கோர்ட்டு 1996-லயே சொன்ன சங்கதி அது. 'நான் யாரு தெரியுமா'ன்னு நீ கேக்கப்படாது. 'நான் இன்னார், இந்த ஸ்டேஷன், இந்தா ஐ.டி. கார்டு'ன்னு நீதான் சொல்லணும்.

சரி, குட்டியானைக்காரன் தாறுமாறாத்தான் ஓட்டுனான்னே வச்சுக்குவோம், பழைய ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.ல 281-ஆவது பிரிவு. வாதியும் நீ, பிடிச்ச போலீசும் நீ, பாத்த சாட்சியும் நீ. வேலிக்கு ஓணான் சாட்சின்னு எதிர்க்கட்சி வக்கீல் எந்திரிச்சா நீதிபதியே சிரிச்சிருவாரு.

உன் பக்கத்துக் கணக்கையும் பாக்கணும்ல. கன்னத்துல விட்டது அதே பி.என்.எஸ்.ல 115(2). அது சின்னது, கோர்ட்டு உத்தரவு இல்லாம ஸ்டேஷன்ல விசாரிக்கவே முடியாது. ஆனா போறவனைப் போகவிடாம மறிச்சது 126(2). அது பிடியாணை இல்லாமக் கைது செய்யத்தக்கது. அதாவது, கறிக்கடை முக்குல வேற ஒரு போலீஸ்காரர் நின்னிருந்தா, அவரு சட்டப்படி பிடிக்க வேண்டிய ஆளு குட்டியானைக்குள்ள இல்ல.

அந்தப் 'பணி செய்ய விடாமத் தடுத்தது' இருக்கே, பழைய ஐ.பி.சி. 353, இப்போ பி.என்.எஸ். 132, ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை. அதுக்கு முதல்ல நீ ஒரு பணி செஞ்சுக்கிட்டு இருக்கணும். எலும்பில்லாம அரைக்கிலோ வாங்குனது எந்த அரசாணையில வரும்? தேடிச் சொல்லு, நானும் தெரிஞ்சுக்கிடுதேன்.

சட்டை போட்டிருந்தாலே சகலமும் நடக்கும்னும் எண்ணிராத. 2024 மே மாசம் நம்ம நாங்குநேரியிலதான அந்தக் கூத்து? யூனிபார்மோட அரசு பஸ்ஸுல ஏறுன காவலர் டிக்கெட் எடுக்க மாட்டேன்னாரு, கண்டக்டர் விட மாட்டேன்னாரு. வீடியோ ஊரெல்லாம் சுத்துச்சு. டூட்டிப் பயணத்துக்கான வாரண்ட் இருந்தாத்தான் ஓசிப் பயணம்னு போக்குவரத்துத் துறை சொல்லிட்டு. அப்புறம் பாக்கணுமே, அங்கங்க அரசு பஸ்ஸா மறிச்சு நோ பார்க்கிங், சீட் பெல்ட்டுன்னு அபராதம்! அத்தனை நாளும் தெரியாத விதிமீறல் எல்லாம் ஒரே ராத்திரியில கண்ணுக்குத் தெரிஞ்சுட்டு. கடைசியில ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுச் சமாதானம். அந்தக் கட்டிப்பிடியை பஸ்ஸுக்குள்ளயே செஞ்சிருந்தா அரசாங்கத்துக்கு எவ்வளவு மை மிச்சம்!

இன்னொண்ணு, உன் பைக்குல செவப்பும் நீலமுமா 'போலீஸ்'னு ஒட்டியிருக்கே. சொந்த வண்டியில அந்த மாதிரி ஸ்டிக்கர் ஒட்டினா நடவடிக்கைன்னு சென்னைப் போக்குவரத்துப் போலீசே 2024 மே 2-லேந்து கெளம்புனாங்க. வெந்நீர் ஊத்திச் சுரண்டிரு. ஹெல்மெட் வேற போடாமப் போனியாம். ஊர்க்காரனுக்கு அதுக்கு ஆயிரம் ரூபா. உனக்கு? மோட்டார் வண்டிச் சட்டத்துல 2019-ல சேத்த 210பி-ன்னு ஒரு பிரிவு இருக்கு. இந்தச் சட்டத்தை அமல்படுத்துத அதிகாரம் உள்ளவனே மீறுனா அபராதம் ரெட்டிப்பு. சாலையில நீ சாதாரண ஆளை விட ஒசத்திதான் ஏட்டையா, யாரு இல்லேன்னா? ரசீதுல ரெண்டாயிரம்னு அச்சடிச்சே குடுப்பாங்க.

இப்போ மாமன் சொல்லுததைக் கேளு. அந்தப் பயலைக் கூப்பிட்டுச் சாவியைக் குடு, ஒரு டீயும் வாங்கிக் குடு. கண்ணாடிக்காசு அவன் தரலன்னா, வெள்ளைத்தாள்ல ஒரு மனு எழுதி ஸ்டேஷனுக்குப் போ. போறதுக்கு முன்னால 'நான் டிபார்ட்மெண்ட்டு ஆளு'ன்னு போன் போடாத. நீ அடிச்சதையும் மனுவுல எழுது. எழுதலன்னா அவன் மனுவுல இருக்கும். ரைட்டர் நிமிந்து பாக்க மாட்டாரு. 'ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்காரு, சாயங்காலம் வா'ம்பாரு. சாயங்காலம் போனா, 'சின்ன விஷயம்தானே, பேசி முடிச்சுக்கோங்களேன்'ம்பாரு. விடாத. மனு வாங்குனதுக்குச் சி.எஸ்.ஆர். ரசீது கேளு. 'எதுக்குய்யா ஒனக்கு ரசீது?'ன்னு ஒரு பார்வை பாப்பாரு பாரு, அதே பார்வையை நீ உன் ஸ்டேஷன்ல எத்தனை பேர் மேல விட்டிருப்பே! போலீஸ் பயிற்சிப் பள்ளியில சொல்லித் தராத பாடம், அந்த பெஞ்சுல உக்காந்தா ஓசியிலயே கெடைக்கும். லீவு முடிஞ்சு போகும்போது அக்கா கட்டிக் குடுக்குற முறுக்கோட அதையும் மறக்காம எடுத்துட்டுப் போ.