உம்மாவுக்கு எத்தனை புள்ளி?

சம்மாந்துறை டீச்சர்மார் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் படும் இழுபறியை அளக்க ஆய்வாளர்களுக்குக் கோல் கிடைத்துவிட்டது. 1996இல் அமெரிக்காவில் நெட்டமேயர், போல்ஸ், மக்மரியன் என்ற மூவர் செய்த கோல். மொத்தம் பத்துக் கூற்றுகள். வேலை வீட்டைக் குழப்புவது பற்றி ஐந்து, வீடு வேலையைக் குழப்புவது பற்றி ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை புள்ளி போட வேண்டும்.

வினாக்கொத்து எப்போது வரும்? இரவு ஒன்பது மணிக்கு, வட்ஸ்அப் குறூப்பில், "இன்றே நிரப்பி அனுப்பவும்" என்ற கட்டளையோடு. மடியில் பிள்ளை சிணுங்குகிறது, மேசையில் தவணைப் பரீட்சைத் தாள் குவிந்து கிடக்கிறது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறார்: நாலு, நாலு, நாலு. நடுவில் போட்டால் யாரும் கூப்பிட்டு விசாரிக்கமாட்டார்கள்.

முடிவு: இழுபறி "மிதமானது". குரோன்பாக் அல்பா 0.7ஐத் தாண்டிவிட்டதாம், மாஷா அல்லாஹ்! கேள்விகள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றன என்பதைத்தான் அல்பா சொல்லும். கேட்க வேண்டியதைக் கேட்டீர்களா என்று அது கேட்காது.

கேட்காமல் விட்டது டீச்சரின் உம்மாவை. இந்தக் கிழக்குக் கரையில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார்; மகள் உம்மாவின் வளவை விட்டு நகர்வதில்லை. ஏழரை மணிக்கு முன் டீச்சர் கையெழுத்துப் போடுகிறார் என்றால், விடியவே பிள்ளையை உம்மா கையேற்றிருக்கிறார் என்று அர்த்தம். பால் கரைப்பது, குளிப்பாட்டுவது, பின்னேரம் ஓத அனுப்புவது எல்லாம் அவர்தான், முழங்கால் வலியோடு. நியமனக் கடிதமோ லீவோ பென்சனோ இல்லாத கல்வி அமைச்சு ஊழியர். அவர் முதுகில் ஏறி நின்றுகொண்டு "மிதமானது" என்று எழுதுகிறீர்கள், வெட்கமில்லாமல்!

பிரசவ லீவு முழுச் சம்பளத்தோடு 84 நாள். அடுத்த 84 நாளுக்கு அரைச் சம்பளம், அதற்கடுத்த 84 நாளுக்கு அதுவும் இல்லை. இதற்கிடையில் கஷ்டப் பிரதேச இடமாற்றம் என்று ஒரு கடிதம் வந்தால் கைக்குழந்தையோடு டீச்சர் பஸ் ஏறலாம்; உம்மாவை எந்தப் பெட்டியில் மடித்து வைப்பது? இழுபறி டீச்சரின் மனசில் இல்லை ஐயா, அந்தக் கடிதத்தின் அடியில் கையொப்பமிட்டவரின் பேனாவில் இருக்கிறது. அவருக்கு மட்டும் வினாக்கொத்து போவதில்லை.

கொரோனாக் காலத்தில் சொந்தக் காசில் டேட்டா போட்டு ஒன்லைனில் படிப்பித்த டீச்சர்மார், 24 வருடச் சம்பளப் பிரச்சினையைத் தீர்க்கச் சொல்லி 2021 ஜூலை 12இல் அதை நிறுத்தினார்கள். அந்தப் பகிஷ்கரிப்பு நாடெங்கும் மூன்று மாதத்துக்கு மேல் இழுத்தது. போதாத சம்பளம் வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதற்கும் அந்தப் பத்துக் கூற்றில் ஓர் இடமில்லை.

ஆனால் பரிந்துரைக்குக் குறைவில்லை: ஆசிரியைகளுக்கு நேர முகாமைத்துவச் செயலமர்வு. சனிக்கிழமை காலை எட்டரைக்கு. வரவு கட்டாயம், பிந்தினால் சிவப்புக் கோடு. பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம்; வீட்டில் உம்மா இருக்கிறாதானே.