தக்காளிக்கு எதுக்குடா குளிர்?

டேய் பேராண்டி, உன் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். ரெட்டைக் கதவு, தட்டுக்குத் தட்டு கண்ணாடி, திறந்தா பளிச்சுனு விளக்கு. நம்ம ஊர் மாரியம்மனுக்குக்கூட இவ்வளவு வெளிச்சம் இல்லை. உள்ளே என்னடான்னா பாலக்கோட்டு மண்டியையே கொண்டாந்து அடைச்சு வெச்சிருக்கே. மாசத் தவணை கட்டுறது நீ, குளிர்ல நடுங்குறது தக்காளி. நல்ல குடும்பம்.

உன் பொண்டாட்டியைக் கை காட்டாதே. அந்தப் புள்ள பாவம், நீ வாங்கிப் போட்டதை எங்கே திணிக்கிறதுன்னு தெரியாம முழிக்குது. உழவர் சந்தைக்குப் போனா உனக்குக் கை நிக்காது. கேட்டா, “மலிவா இருந்துச்சு தாத்தா”ங்கிறே. மலிவா வாங்கி அதுல பாதியை அழுகவிட்டா விலை ரெட்டிப்பாச்சே. இந்தக் கணக்கை உன் இன்ஜினியரிங் காலேஜ்ல சொல்லித் தரலையா?

தக்காளிக்கு வா. பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காரிமங்கலம்னு சுத்துப்பட்டெல்லாம் அதைத்தான் போடுறாங்க. விலை கிடைக்காம ரோட்டோரம் கொட்டிட்டுப் போன வருசமும் உண்டு. 2023 ஜூலையில கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில ரேஷன் கடை வழியா 60 ரூபாய்க்கு வித்த கூத்தும் உண்டு. ரெண்டையும் பார்த்த ஊர்க்காரன் நீ, தக்காளியோட அருமை தெரிய வேணாமா? 12 டிகிரிக்குக் கீழே போனா அது வாசம் கட்டுறதை நிறுத்திரும். செங்காயா உள்ளே போனது பழுக்கவும் மாட்டாது, சதையும் சவசவன்னு ஆயிரும். உன் ஃப்ரிட்ஜ் ஓடுறதோ 4 டிகிரியில. அப்புறம் ரசத்துல மணமே இல்லைன்னு மாமியா அரைச்சுக் குடுத்த பொடியைக் குத்தம் சொல்லுறே.

ஒண்ணை எடுத்துத் திருப்பிப் பாரு. காம்பு இருந்த இடத்துல சின்னதா ஒரு குழி தெரியுதா? மத்த இடமெல்லாம் வழவழன்னு தோல் மூடியிருக்கு. ஈரம் வெளியே போறது பெரும்பாலும் அந்தக் குழி வழியா, பூசணம் குடித்தனம் வர்றதும் அது வழியா. அதனால குழி கீழே இருக்கிற மாதிரி கவுத்து, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம, அகலத் தாம்பாளத்துல பரப்பி வெளியிலயே வை. நல்லாக் கனிஞ்சு, இனித் தாங்காதுன்னு தெரிஞ்சா அப்ப உள்ளே வெச்சுக்கோ, ரெண்டு மூணு நாள் ஓட்டும்.

நம்ம தகடூர் அதியமானுக்கு அருமையா ஒரு நெல்லிக்கனி கிடைச்சுது, அவ்வையாருக்குக் குடுத்தான், இன்னைக்கும் பேசுறோம். அவன்கிட்ட ஃப்ரிட்ஜ் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பான்? “நாளைக்குப் பார்த்துக்கலாம்”னு பின்னாடி மூலையில தள்ளியிருப்பான். அவனுக்கும் இல்லாம, அவ்வைக்கும் இல்லாம, தீபாவளிக்குச் சுத்தம் பண்றப்ப சுருங்கிப்போய்க் கிடைச்சிருக்கும். உன் ஃப்ரிட்ஜ் மூலையில இப்ப ஒண்ணு கிடக்குது, அது கத்தரிக்காயா கோவைக்காயான்னு எனக்கே பிடிபடலை.

அந்த வாழைப்பழம் தோல் கறுத்துக் கிடக்குதே, அதுவும் குளிர் பண்ணின வேலைதான். வெளியே வைடான்னா கீரைக்கட்டு மேலேயே வெக்கிறே. அந்தக் காலத்துல வாழைத்தாரைக் குழியில இறக்கி, புகை மூட்டம் போட்டுப் பழுக்க வெப்போம். புகையில இருந்த எத்திலீன்தான் காயைப் பழமாக்கினது. பழுத்த பழம் தானாவே அந்த வாயுவை விடும். பக்கத்துல கீரை இருந்தா மஞ்சளாப் போகும், வெள்ளரிப்பிஞ்சும் அப்படித்தான். பழுத்தது பக்கத்துல இளசை வெக்காதே. பழத்தைத்தான் சொல்றேன், உன் மாமனார் வந்து தங்கியிருக்கிறதை இல்லை.

கீரையைக் கழுவி உள்ளே வெச்சா சொதசொதன்னு ஆயிரும். அழுகின இலையைக் கிள்ளிப் போட்டுட்டு, கழுவாமத் துணியில சுத்தி வை. சமைக்கிறப்பக் கழுவிக்கோ. 2021 டிசம்பர்ல சர்க்கார் ‘மீண்டும் மஞ்சப்பை’ன்னு ஆரம்பிச்சுதே, அந்தப் பை உன் கல்யாணத்துல மீந்தது பரண்ல ஒரு கட்டு கிடக்குது. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் ஃப்ரிட்ஜுக்குள்ள வேலையே இல்லை. ரெண்டையும் ஒரே கூடையிலயும் போடாதே.

சிரிச்சது போதும், மீனுக்கு வரேன். ஒகேனக்கல்ல பரிசல் ஏறிட்டு வர்றப்ப கட்லா வாங்கினே. தருமபுரிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல. ஐஸ் இல்லாம, பையில முடிஞ்சு ஹேண்டில்பார்ல தொங்கவிட்டு, நடுவுல பென்னாகரத்துல டீயும் செல்ஃபியும் வேற. பச்சை மீனும் கறியும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளியே கிடக்கக் கூடாது. சித்திரை வெயில்னா ஒரு மணி நேரம்தான். வந்து வெச்சதாவது ஒழுங்கா? மேல் தட்டுல மீன், அதுக்கு நேர் கீழே திறந்த தயிர்க்கிண்ணம். மீன் தண்ணி சொட்டினா உன் மோர்க்குழம்பு என்னத்துக்காகும்? மீன், கோழி எதுவானாலும் மூடின பாத்திரத்துல, அடித்தட்டுல வை. கோழியைக் குழாயடியில சளசளன்னு கழுவாதே, தெறிக்கிற துளியோட கிருமி காய் வெட்டுற பலகை வரைக்கும் போகும். பாலைக் கதவுல வெக்காதே, திறக்கத் திறக்க வெக்கை படுற இடம் அது. நீயோ பசிச்சாலும் திறக்கிறே, போரடிச்சாலும் திறக்கிறே.

“நீங்க மட்டும் பழைய களியைத் தண்ணியில போட்டுக் காலையில கரைச்சுக் குடிக்கலையா?”ன்னு கேப்பே, தெரியும். அது புளிச்சது, புளிப்பு ஏறினா கண்ட கிருமியும் தலைதூக்காது. நீ பண்றது வேற. மத்தியானச் சோத்தை அடுப்பு மேலேயே விட்டுட்டு ராத்திரி சூடு பண்ணித் திங்கிறே. சோறு வெந்தாலும் சாகாத கிருமி ஒண்ணு உண்டு. அது கக்கின விஷம் மறுபடி எவ்வளவு சுட வெச்சாலும் போகாது. மீந்தா ஆறப் போட்டு வெச்சுக்கிட்டே இருக்காதே, சீக்கிரமா உள்ளே எடுத்து வை.

இன்னைக்கு ராத்திரிக்குப் புதுசா எதுவும் வாங்காதே. அந்தக் கீரையைக் கடைஞ்சு, கனிஞ்ச தக்காளியைத் தொக்கு வதக்குங்க. ‘வதக்குங்க’ என்ன, நீயே வதக்கு. அந்த மீனை மட்டும் மோந்து பார்த்து முடிவு பண்ணாதே. நாத்தம் வராமலும் கெட்டிருக்கும், தூக்கிக் கொட்டிரு.