ரப்பருக்குத் தனிக்குடித்தனம்

பென்சிலின் வாலில் ரப்பரைக் குடிவைத்தது இரண்டுக்கும் ஒத்துவராத ஏற்பாடு; பிடுங்கித் தனிக்குடித்தனம் வைப்பதே நல்லது என்பது என் கட்சி. சட்டமும் என் பக்கம்தான். பிலடெல்பியாவின் ஹைமன் லிப்மன் 1858 மார்ச் 30 அன்று ரப்பர் வைத்த பென்சிலுக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய பென்சிலில் ரப்பர் மரத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தது. எழுத ஒரு முனையைச் சீவ வேண்டும், அழிக்க மறுமுனையைச் சீவ வேண்டும். தப்பு செய்வதற்கும் திருத்துவதற்கும் சரிசமமாக உழைக்க வைத்த மனிதர். அந்த உரிமையை விலைக்கு வாங்கிய ரெக்கன்டார்ஃபர், பென்சில் தயாரிப்பாளரான ஃபேபர் மீது வழக்குப் போட்டார். 1875இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. சேர்த்து வைத்த பிறகும் பென்சில் தன்பாட்டுக்கு எழுதுகிறது, ரப்பர் தன்பாட்டுக்கு அழிக்கிறது. சேர்ந்ததால் புதிதாக ஒன்றும் விளையவில்லை, ஆகவே இது கண்டுபிடிப்பே இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

இதைத் தெரிந்துகொள்ள நமக்கு உச்ச நீதிமன்றம் தேவைப்படவில்லை. சிலேட்டுக் காலத்திலேயே பல்பம் கையில் இருந்தது, அழிக்கிற கோவை இலை வேலியில் இருந்தது. இன்றும் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலோ கடைத்தெருவிலோ நடராஜ் பென்சில் கேட்டால் பெரும்பாலும் மொட்டை வாலோடுதான் வரும். பெட்டியாக வாங்கினால் ரப்பரையும் ஷார்ப்னரையும் இலவசமாகப் போட்டுத் தருவார்கள், அதுவும் தனித்தனியாகத்தான். பென்சில் சீவலைப் பாலில் ஊறப்போட்டால் ரப்பராகும் என்று நம்பிய பிள்ளைகள்கூட அதைக் கிண்ணத்தில்தான் எதிர்பார்த்தார்கள். பென்சில் வாலில் முளைக்கும் என்று ஒருவரும் காத்திருக்கவில்லை.

ஒட்டியிருந்தால் தொலையாதே என்பார்கள். கல்வராயன் மலையில் கடைக்குத் தொலைவாக இருக்கும் பிள்ளை ரப்பரைத் தொலைத்தால் என்ன செய்யும் என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் ஒட்டியிருந்தால் தொலைகிற அன்றைக்கு இரண்டும் சேர்ந்தே தொலையும். திருப்பிப் பிடித்தால் போதும், உடனே அழிக்கலாமே என்பது அடுத்த வாதம். காற்றுப்பட்டுக் காய்ந்த ரப்பர் அழிக்காது, தாளில் கரியை ஈஷும். தேய்ந்து உலோகப் பூண் வரைக்கும் வந்துவிட்டாலோ எழுத்தோடு தாளும் போகும். இத்தனைக்கும் ரப்பரின் அடிப்பகுதி பூணுக்குள்ளே தேயாமல் பத்திரமாக இருக்கிறது. குறட்டால் பூணை நெகிழ்த்தி, ரப்பரை உருவித் தலைகீழாகச் செருகினால் இன்னும் சில நாள் உழைக்கும். துண்டு மீந்தால் கம்மலுக்குத் தொலைந்துபோன திருகாணியின் இடத்தில் தற்காலிகமாக நிற்கும். திரும்பவும் பூணுக்குள்ளே செருகச் சொல்கிறாயே, உன் கட்சி என்ன ஆயிற்று என்று மடக்கலாம். பிரிப்பது என் கொள்கை. வீணாக்காதது அதைவிடப் பழைய கொள்கை. எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் வகுப்பறையில் இருக்கிறது. தனி ரப்பர் ஒன்று இருந்தால் பெஞ்சு முழுக்கச் சுற்றிவரும். ஒட்டிய ரப்பரை இரவல் கொடுத்தால் பென்சிலும் கூடவே போய்விடும். வாங்கியவன் திருத்திக்கொண்டிருப்பான், கொடுத்தவன் கைகட்டி உட்கார்ந்திருப்பான். உதவி செய்தவனைச் சும்மா உட்காரவைக்கிற ஒன்றுக்கு வசதி என்று பெயர் வைக்க என்னால் முடியாது.