அம்மா திரும்பி வருவாள், நாலு மணிக்குத் தண்ணீர் வரும்

மேன்மை தங்கிய விசா அதிகாரி அவர்களின் சமூகத்துக்கு,

தாராவியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஷெங்கன் குடும்பத்தில் 29 பேர் இருக்கிறீர்கள். அவரவர் மனசாட்சிப்படி எடுத்துக்கொள்ளலாம்.

என் அம்மாவின் பாஸ்போர்ட் நேற்று கூரியரில் வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு தாள். வரிசையாக அச்சடித்த காரணங்களில் ஒரு கட்டத்தில் மட்டும் பெருக்கல் குறி. விசாக் காலம் முடிவதற்குள் விண்ணப்பதாரர் உங்கள் எல்லையை விட்டு வெளியேறுவார் என்பதில் தங்களுக்கு நியாயமான சந்தேகம் இருக்கிறதாம். அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். "நான் எதுக்குல அங்க கெடக்கப் போறேன்? காலைல நாலு மணிக்குத் தண்ணி வருமே, யாரு பிடிப்பா?" என்றாள்.

ஐயா, நாங்கள் கொடுத்த அத்தனை காகிதத்திலும் இதைவிட வலுவான சாட்சியம் இல்லை. அதைச் சேர்க்க உங்கள் படிவத்தில்தான் கட்டம் இல்லை.

எங்கள் சந்தில் மாநகராட்சித் தண்ணீர் விடிகாலை நாலு மணிக்கு வரும், வெளிச்சம் வருமுன் போய்விடும். அந்த நேரத்தில் அம்மா பைப்பை மாட்டி நிற்காவிட்டால், மேல்வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்சிவிடுவார். செம்பூரில் இருக்கும் பெரியம்மா மகள் வீட்டில்கூட அவள் இராத்தங்கியதில்லை. செட்டா நகர் முருகன் கோயில் பக்கம் வீடு, ஆட்டோவில் போகிற தூரம்தான். திருநெல்வேலியில் சொந்தத் தம்பி மகள் கல்யாணத்துக்குப் போனவள் தாலி ஏறிய கையோடு ரயில் ஏறினாள், பாயசத்துக்குக்கூட நிற்கவில்லை. இப்படிப்பட்டவள் 90 நாள் கழிந்தும் உங்கள் ஊரில் பதுங்கியிருப்பாள் என்று நினைக்க அசாத்தியக் கற்பனை வேண்டும். அந்தக் கற்பனைக்கு என் தலை தாழ்கிறது.

உங்கள் விசா மையம் எங்களுக்கு அந்நிய இடமல்ல. மித்தி ஆற்றுக்கு இக்கரையில் நாங்கள், அக்கரையில் பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸ். ஏசி குளிரில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு அம்மா தன் முறைக்குக் காத்திருந்தாள். கைரேகை வைக்கச் சொன்னார்கள். மிஷின் எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை. கவுண்டர் பெண், "ஆன்ட்டி, அழுத்துங்க" என்றாள். முப்பது வருஷம் இட்லி மாவு ஆட்டிய விரல்கள், ஐயா. அதில் ரேகை தேடினால் உளுந்துதான் கிடைக்கும். கடைசியில் இரண்டு கட்டைவிரலும் எப்படியோ பதிந்தன. மற்ற எட்டையும் பார்த்து உதட்டைப் பிதுக்கியபடி அந்தப் பெண் ஏதோ தட்டிக்கொண்டாள். பின்னால் நின்றவர் வாட்சைப் பார்த்தார். அம்மா கையைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்த இட்லியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் தாராவி இட்லிக்காரர்களை மும்பையில் யாரைக் கேட்டாலும் தெரியும். அந்த அண்டாக்களை நிரப்பியவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. நாலு மணித் தண்ணீர் என்பது அவள் பிழைப்பே. நீங்களோ மூன்று வருஷ வருமான வரிக் கணக்கு கேட்டீர்கள். அவள் சேமிப்பு சீட்டில் இருந்தது, சீட்டுக்காரி பேங்க் ஸ்டேட்மென்ட் தருவதில்லை. அதனால் என் கணக்கை வைத்தேன், உங்கள் நாட்டில் இருக்கும் என் தங்கச்சியின் அழைப்புக் கடிதத்தை வைத்தேன், அவள் சம்பளச் சீட்டையும் வீட்டு வாடகைப் பத்திரத்தையும் வைத்தேன். தண்ணீர் பில்லையும் வைத்திருப்பேன், முகவரிச் சான்று ஒன்று போதும் என்றார்கள்.

மருத்துவக் காப்பீடும் எடுத்தோம், நீங்கள் சொன்ன 30,000 யூரோவுக்குக் குறையாமல். அங்கே இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவும் அதில் அடக்கம் என்று ஏஜென்ட் விளக்கினார். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. ஆக, செத்தால் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இருக்கிறது. உயிரோடு திரும்புவதில்தான் உங்களுக்குச் சந்தேகம்.

இன்னொரு சங்கதி. தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இங்கேயே 350 சதுர அடி வீடு இலவசம். அம்மாவின் காகிதங்கள் அத்தனையும் அதற்கு முந்தியவை. ரேஷன் கார்டு, கரண்ட் பில், ஓட்டர் லிஸ்ட் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் தலையணைக்கடியில் தூங்குகின்றன. வீடு பூட்டிக் கிடக்கும்போது கணக்கெடுக்க ஆள் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அவள் மாஹிம் தேவாலய நவநாளுக்கே ஓடிப்போய் ஓடிவருகிறவள். மும்பையில் 350 சதுர அடியை விட்டுவிட்டு உங்கள் நாட்டில் யாரும் ஒளிய மாட்டார்கள், ஐயா. உங்கள் நாட்டு மந்திரிகூட மாட்டார். அந்த வீட்டில் குழாய் உள்ளேயே இருக்குமாம்.

என் தங்கச்சி உங்கள் நாட்டில் முதியோர் இல்லத்தில் நர்ஸ். உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, துணி மாற்றிவிடுகிறாள். உங்கள் மொழியைப் பரீட்சை எழுதிப் படித்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள். ஆள் பற்றாக்குறை என்பதால் அவளை வாருங்கள் வாருங்கள் என்று அழைத்தீர்கள். அவள் திரும்பிப் போவாளா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அவளைக் குளிப்பாட்டி வளர்த்தவள், பேத்தியின் முகத்தைப் பார்க்க இரண்டு மாசம் வருகிறேன் என்றால் மட்டும் அவள் திருட்டுக் குடியேறி. உங்கள் அம்மாவைத் துடைக்க எங்கள் வீட்டுக் கை வேண்டும், எங்கள் அம்மா மட்டும் வேண்டாமா? இதில் எங்கே இருக்கிறது நியாயமான சந்தேகம்?

மன்னிக்கவும். தண்ணீர் வராத நாட்களில் எனக்கு இப்படிச் சூடு ஏறிவிடும்.

தங்கள் பெருமையையும் சொல்லவேண்டும். 1985 ஜூன் 14-ல் லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தருகே, மொசெல் ஆற்றில் படகில் உட்கார்ந்துதான் ஐந்து நாடுகள் எல்லைச் சோதனையை ஒழிக்க ஒப்பந்தம் போட்டன. தண்ணீர் மேல் உட்கார்ந்து போட்ட கையெழுத்து! அதன் அருமை எங்களைவிட வேறு யாருக்குத் தெரியும்?

உங்கள் மக்களும் எங்களிடம் அன்பாகவே இருக்கிறார்கள். 'ஸ்லம்டாக் மில்லியனர்' வந்தபின் இன்னும் அதிகமாக வெள்ளைக்காரர்கள் காசு கட்டி, கைடு பின்னால் வரிசையாக எங்கள் சந்துக்குள் வருகிறார்கள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் தட்டினால் அவர்களுக்கு இ-விசா. திரும்பிப் போவார்களா என்று எங்கள் சர்க்கார் சந்தேகப்படவில்லை. போன மழைக்கு முன் வந்த ஒரு அம்மாள் எங்கள் நீல டிரம்மைத் தட்டிப் பார்த்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். தண்ணீர் என்றோம். ஆச்சரியப்பட்டார். அம்மா அவருக்கு ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தாள். நல்லவேளை, குடிக்கவில்லை. மிச்சமானது.

அம்மா ஐரோப்பாவைப் பார்த்ததெல்லாம் மாட்டுங்கா அரோரா தியேட்டரில், 'சிவந்த மண்' சிவாஜி தயவில். ஈபிள் கோபுரம் அவளுக்குப் பொருட்டல்ல. இரும்பு எங்கள் ஊரிலும் இருக்கிறது என்பாள். அவள் கேட்டது பேத்தியும் லூர்தும். 1858-ல் பெர்னதெத் என்ற சிறுபெண் மாதா காட்டிய இடத்தில் கையால் தோண்ட ஊற்றெடுத்த கெபி. அந்த ஊற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள அங்கே வரிசையாகக் குழாய்கள் இருக்கின்றன, காசில்லை. தங்கச்சி வீடியோவில் காட்டியபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி: "இது எத்தன மணிக்கு நிக்கும்?" நிற்காது என்றாள் தங்கச்சி. அம்மா நம்பவில்லை.

இப்போது நினைத்துப் பார்த்தால், தாங்கள் தீர்க்கதரிசியோ என்று தோன்றுகிறது. நிற்காத குழாயைக் கண்ட தாராவிக்காரி திரும்பி வருவாளா? இந்த ஒரு கோணத்தில் தங்கள் சந்தேகத்தை நியாயமானது என்று ஒப்புக்கொள்ள நான் தயார். ஆனால் அதைத் தாளில் எழுதியிருக்கலாமே.

மேல்முறையீடு செய்யலாம் என்று அடியில் போட்டிருக்கிறீர்கள். உங்கள் மொழியில், உங்கள் நாட்டு நீதிமன்றத்தில். 2024-ல் மட்டும் இந்தியர்களின் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஷெங்கன் விண்ணப்பங்கள் தள்ளுபடி. இப்போது பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ கட்டணம், யாருக்கும் திரும்பக் கிடைக்காது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் நூறு கோடி ரூபாய்க்குக் குறையாமல் கொடுத்தோம், பதிலுக்கு எதுவும் கிடைக்காமல். வட்டிக்காரன்கூட வாங்கினால் சீட்டு எழுதித் தருவான்.

அம்மா இனி விண்ணப்பிக்க மாட்டாள். கிறிஸ்துமஸுக்குத் தங்கச்சியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். பச்சைக்குழந்தை வீட்டில் இருந்தால் தண்ணீர் கூடுதலாக வேண்டுமென்று அம்மா இப்போதே இன்னொரு டிரம் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். அந்த 90 யூரோவைத் தாங்கள் பெரிய மனது வைத்துத் திருப்பி அனுப்பினால், மூடியோடு நல்லதாகவே வாங்கிவிடுவேன்.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
சந்தேகத்துக்குரியவளின் மகன்,
தாராவி, மும்பை 400017