பேயை முதலில் பார்த்தவர் அத்தை

படித்துவிட்டுப் போனதுதான் நான் செய்த முதல் தப்பு. ஊரிலிருந்து வந்திருந்த அத்தைக்கு ஃபேர்ஃபோர்டு தேவாலயத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். முந்தின ராத்திரி பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயரில் ஒரு சின்ன ஊர் அது. கம்பளி வியாபாரி ஜான் டேம் எடுத்துக் கட்ட, மகன் எட்மண்ட் முடித்துவைத்த புனித மரியாள் கோயில். 1500ஐ ஒட்டிச் செய்த 28 வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இன்றும் அங்கே தொகுப்பாக நிற்கின்றன. ஒரு பங்குக் கோயிலில் இவ்வளவு முழுசாகத் தப்பியது அந்த நாட்டில் வேறெங்கும் இல்லை.

பாம்பு ஏவாளை மயக்குகிற ஜன்னலிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று குறிப்பிலேயே எழுதியிருந்தேன். உள்ளே போனதும் மேற்குச் சுவரின் பெரிய ஜன்னல் கண்ணில் பட்டது. இறுதித் தீர்ப்பு. நேரே அங்கே இழுத்துக்கொண்டு போய்விட்டேன். அப்புறம் குறிப்பு ஞாபகம் வந்து, "முதல்ல ஏவாளப் பார்க்கணும்" என்றேன். "உலகமே அழிஞ்சாச்சு, இனிமே ஏவாள் எதுக்குடா?" என்றார் அத்தை.

சரி, அறிவியலாவது கைகொடுக்கும் என்று, "கண்ணாடி மெதுவா ஓடுற திரவம் அத்தை. அதான் பழைய கண்ணாடி அடியில தடிச்சிருக்கும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் நின்ற தொண்டர் பாட்டியிடமும் ஆங்கிலத்தில் அதையே ஒப்பித்தேன். பாட்டி சிரித்தார். 500 வருஷத்தில் கண்ணாடி எங்கேயும் ஓடாதாம். அந்தக் காலத்தில் வாயால் ஊதிச் செய்த தகடு சீராக வராது, ஒரு பக்கம் தடித்துத்தான் இருக்கும் என்றார்.

அப்போதும் நான் அடங்கவில்லை. ஜன்னலின் மேல்பாதி பளிச்சென்று இருந்தது. கீழ்ப்பாதியில் அழுக்கேறின மாதிரி திட்டுத்திட்டாக நிறம்; உடைந்த இடமெல்லாம் ஈயக் கோடு. "மேல இருக்கறதுதான் அசல் வேலை. கீழே பின்னால யாரோ போட்ட ஒட்டு" என்று அத்தைக்குச் சொல்லி, வழக்கம்போல் பாட்டிக்கும் மொழிபெயர்த்தேன். பாட்டி ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார். 1703ஆம் ஆண்டுப் பெரும்புயல் அந்த ஜன்னலைச் சிதைத்ததையும், 1860களில் பழுதுபார்த்தவர்கள் மேல்பாதியைப் புதிதாகவே செய்து வைத்துவிட்டதையும் மெதுவாகச் சொன்னார். நான் 'ஒட்டு' என்றதுதான் ஐந்து நூற்றாண்டாக நிற்கிறது. ஜவுளிக்கடையில் மினுமினுப்பைப் பார்த்துப் பட்டு என்று ஏமாறுகிற அதே கண்தானே இது?

இவ்வளவும் நடக்கும்போது அத்தை அந்தக் கீழ்ப்பாதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்டா, அந்த நீலப் பேய் ஒரு கிழவிய வண்டியில வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போகுது பாரு!" பார்த்தேன். கட்டட வேலையில் மண் அள்ளுகிற ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியேதான். அதில் கிழவி, போகிற இடம் நரகம். நான் எடுத்த குறிப்பில் அந்த வண்டி இருந்தது. என் கண்ணில்தான் படவில்லை. அவசரமாகப் போனில் படம் எடுத்தேன். சுவர் கரிக்கட்டையாகவும் ஜன்னல் வெறும் வெள்ளையாகவும் விழுந்தது. பேயும் இல்லை, கிழவியும் இல்லை.

ஜன்னலுக்கு வெளிப்புறம் சாதாரணக் கண்ணாடி தெரிந்தது. "இப்படி மறைச்சு வெச்சிருக்காங்களே" என்று அலுத்துக்கொண்டேன். 1988இல் தொடங்கி 2010 வரை நடந்த சீரமைப்பில் செய்த ஏற்பாடாம் அது. பழைய கண்ணாடியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்து, மழையையும் காற்றையும் வெளிக்கண்ணாடி வாங்கிக்கொள்ளும்படி விட்டிருக்கிறார்கள். நடுவில் காற்றோடுவதால் பழசின்மேல் ஈரம் தங்காது. பாட்டி இதைச் சொன்னபோது, அத்தைக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

வெளியே வந்தோம். கல்லறைத் தோட்டத்தில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. குனிந்து "மியாவ்" என்றேன். கல் பூனை.

"இது பழசாடா, புதுசாடா?" என்றார் அத்தை.

வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து கல்லில் வெட்டியிருந்த எழுத்தைப் படித்தேன். டிடில்ஸ், கோயில் பூனை, 1963–1980. அதற்கப்புறம்தான் பதில் சொன்னேன்.